சிவப்பரிசி தானே என்று நினைத்தேன்

சென்ற ஜூலையில் ஒரு காலை. எங்கள் லேப்பிலிருந்து மாடி அலுவலகத்துக்குப் பதினான்கு படிகள். ஏழாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மூச்சு வாங்கவில்லை, தலை சுற்றவில்லை. தொடை இரண்டும், முந்தின நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டால் எப்படி வலிக்குமோ அப்படி வலித்தன. நான் நாற்று நட்டு இருபத்தைந்து வருடம் ஆகிறது.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வீடு காவேரிப்பட்டணம். சீசன் வந்துவிட்டால் எங்களுக்கு ஞாயிறு, திங்கள் கிடையாது. பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். பழுக்க வைத்து, கழுவி, கொட்டை பிரித்து, கூழாக்கி, சூடேற்றி, 215 கிலோ டிரம்களில் அடைக்கும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். பத்து மணி நேரம் நிற்கிற கால் வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். நான்கு நாள் கழித்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை.

இது ஏப்ரலில் ஆரம்பித்த கதை.

உணவுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை உண்டு. அதற்குப் போனபோது, 48 வயதாகிறதே என்று என் காசில் கொழுப்புப் பரிசோதனையும் சேர்த்து எடுத்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 228. நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்டிஎல் 46. டிரைகிளிசரைடு 145. கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் 153. மொத்தம் 200க்குள் இருந்தால் நல்லது. 200 முதல் 239 வரை எல்லைக்கோடு. எல்டிஎல்லுக்கு 130 முதல் 159 வரை எல்லைக்கோடு. இரண்டிலும் நான் கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் டாக்டரம்மா அவசரப்படவில்லை. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, புகையிலை இல்லை. அப்பாவுக்கு மாரடைப்பு எந்த வயதில் வந்தது என்று கேட்டார். 68 என்றேன். 55 வயதுக்கு முன்னால் வந்திருந்தால் கணக்கு வேறு என்றார். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறும் என்பதால் டிஎஸ்எச் பார்க்கச் சொன்னார். அது சரியாக இருந்தது. மாதவிடாய் நிற்கிற காலத்தில் பெண்களுக்கு எல்டிஎல் ஏறுவது வழக்கம் என்றும் சொன்னார். "இப்பவே மாத்திரை வேண்டாம்மா. சாப்பாட்டை மாத்துங்க, நடங்க. மூணு மாசம் கழிச்சு திரும்பப் பார்ப்போம்."

அந்த மூன்று மாதமும் சீசன். நடக்க நேரம் ஏது? ஆனால் எதையாவது செய்ய வேண்டும் என்ற பதற்றம் மட்டும் இருந்தது. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்த அந்த இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்போதுதான் என் சித்தி மகள் வந்தாள். அவள் ஒரு நிறுவனத்தின் ஊட்டச்சத்துப் பொருட்களை வீடு வீடாக விற்கிறாள். நல்ல பெண். யாரையும் ஏமாற்ற நினைக்கிறவள் இல்லை. கொலஸ்ட்ராலுக்கு என்று ஒரு காப்ஸ்யூல் புட்டியை நீட்டி, அவளுக்குக் கூட்டத்தில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே நம்பி என்னிடம் சொன்னாள். "அக்கா, இது மருந்தே இல்ல. சிவப்பரிசியில இருந்து எடுத்தது. நூத்துக்கு நூறு தாவரம், சைடு எஃபெக்டே கிடையாது."

சிவப்பரிசி என்றதும் என் மனதில் வந்தது மாப்பிள்ளைச் சம்பா. கஞ்சி. அதில் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது? மே பாதியிலிருந்து இரவுக்கு ஒன்று, காலையில் ஒன்று என்று போட ஆரம்பித்தேன்.

ஜூன் கடைசியில் இடுப்பிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை வந்தது. எந்நேரமும் ஈரம், வேர்வை, ரப்பர் ஏப்ரன். எங்கள் ஃபேக்டரியில் பாதிப் பேருக்கு வருவதுதான். தோல் டாக்டர் இட்ராகொனசோல் எழுதிக் கொடுத்தார். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று அவர் கேட்கத்தான் செய்தார். "இல்லைங்க சார்" என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. அரிசியை யாராவது மாத்திரைக் கணக்கில் சேர்ப்பார்களா?

பத்து நாளில் படியேற முடியாமல் போனது.

டாக்டரம்மாவிடம் போய் வலியைச் சொன்னேன். அவரும் அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன். அவர் விடவில்லை. "மூலிகை, பொடி, கஷாயம், யாராவது கொடுத்த காப்ஸ்யூல், எதுவா இருந்தாலும் சொல்லுங்கம்மா." கைப்பையில் இருந்த புட்டியை எடுத்துக் கொடுத்தேன். லேபிளைத் திருப்பிப் படித்தார். முகம் மாறியது. "இது நீங்க நினைக்கிற சிவப்பரிசி இல்ல. இதுக்குள்ள இருக்கறது ஸ்டாட்டின், கொலஸ்ட்ராலைக் குறைக்கற மருந்து. நான் உங்களுக்கு வேண்டாம்னு சொன்ன அதே மாத்திரை."

ரத்தத்தில் சிபிகே பார்த்தார்கள். தசை சிதையும்போது ரத்தத்தில் கசிகிற நொதி அது. அந்த லேப்பில் 170 வரை சரி. எனக்கு 812. சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் நல்லவேளையாகச் சரியாக இருந்தது. காப்ஸ்யூல், தோல் மாத்திரை இரண்டையும் அன்றே நிறுத்தச் சொன்னார். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போனால் இரவானாலும் கிளம்பி வர வேண்டும் என்றார். அந்த ஒரு வாரமும் ஒவ்வொரு முறையும் பயந்து பயந்து பார்த்தேன். மூன்று வாரத்தில் சிபிகே இறங்கியது, வலியும் போனது.

அதற்குப் பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது, வியப்பாகவும் இருந்தது. ஏனென்றால் இது என் தொழில்.

அந்தப் புட்டியில் இருந்தது சிவப்பரிசி அல்ல. சாதாரண வெள்ளை அரிசியின் மேல் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்து, அது சிவப்பாக மாறிய பின் பொடித்தது. ரெட் ஈஸ்ட் ரைஸ் என்று ஆங்கிலப் பெயரில் ஈஸ்ட் இருந்தாலும் அது ஈஸ்ட் அல்ல, இழை இழையாக வளரும் பூஞ்சை. சீனாவில் பல நூறு வருடங்களாக உணவுக்கு நிறமேற்ற இதைப் பயன்படுத்தி வருகிறார்கள். ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி 1970களில் பூஞ்சைகளுக்குள் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருளைத் தேடினார். முதலில் ஒரு பெனிசீலியம் பூஞ்சையில் ஒன்று கிடைத்தது. பிறகு 1979இல் மொனாஸ்கஸிலிருந்து மோனாகோலின் கே என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1987இல் அமெரிக்காவில் லோவாஸ்டாட்டின் என்ற பெயரில் மாத்திரையாக வந்தது வேதியியல்படி அதே பொருள்தான். மாத்திரை வேண்டாம் என்று நான் சாப்பிட்டது மாத்திரையையே.

இட்ராகொனசோல் என்ன செய்தது? லோவாஸ்டாட்டினை உடலில் சிதைத்து வெளியேற்றுகிற நொதியை அது மறித்துவிடுகிறது. வழக்கமாகச் சிதைந்து போக வேண்டியது சிதையாமல் ரத்தத்தில் தேங்குகிறது. இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விதி. அந்தத் தோல் டாக்டருக்கும் தெரிந்திருக்கும். நான் சொல்லியிருந்தால் வேறு மருந்து எழுதியிருப்பார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் லேப்பில் ஒரு டிரம் கூழ் வெளியே போக வேண்டும் என்றால் அதன் பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு, எவ்வளவு, அமிலத்தன்மை எவ்வளவு, பிஎச் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் பூஞ்சை இழைகளை எண்ணுவதற்கென்றே ஹோவர்ட் எண்ணிக்கை என்று ஒரு சோதனை இருக்கிறது. வருடக்கணக்கில் தினமும் பூஞ்சையை எண்ணுகிறவள் நான். அந்தப் புட்டியில் "600 மி.கி. சாறு" என்று மட்டுமே இருந்தது. அதில் மோனாகோலின் எவ்வளவு என்று எங்குமே இல்லை. கூழ் என்றால் திருப்பி அனுப்பியிருப்பேன். வாய்க்குள் போட மட்டும் யோசிக்கவில்லை.

அளவு எழுதாததன் பொருள் என்ன தெரியுமா? அமெரிக்காவில் இந்த வகைக் காப்ஸ்யூல்கள் 12ஐ வாங்கிச் சோதித்து 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லாவற்றிலும் 600 மி.கி. என்றுதான் லேபிள். உள்ளே மோனாகோலின் கே ஒரு காப்ஸ்யூலுக்கு 0.1 மி.கி. முதல் 10 மி.கி. வரை இருந்தது. நூறு மடங்கு வித்தியாசம். அதோடு நான்கு தயாரிப்புகளில் சிட்ரினின் இருந்தது. இந்தப் பூஞ்சையின் சில வகைகள் உண்டாக்கும் நச்சு அது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம், ஒரு நாளுக்கான அளவில் மோனாகோலின் 3 மி.கி.க்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி போட்டது. நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்பது அந்தப் புட்டியைத் தயாரித்தவர்களுக்காவது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

நம் ஊரில் ஊட்டச்சத்துப் பொருளாக விற்கும் புட்டிகளில், இது மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். 2016 விதிகளின்படி அது கட்டாயம். என் புட்டியிலும் இருந்தது, பின்பக்கம், மடிப்பில்.

சரி, அப்போது செடி கொடியில் எதுவுமே வேலை செய்யாதா என்று கேட்டால், அப்படி இல்லை. வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அத்தை நாட்டு மருந்துக் கடையில் குக்குலு வாங்கச் சொன்னார். அது நம் நாட்டிலேயே லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்து, 1980களில் மருந்தாகவே அனுமதி பெற்ற பொருள். அதனால் எனக்கும் நம்பிக்கை இருந்தது. ஆனால் 2003இல் அமெரிக்காவில் 103 பேரிடம் 8 வாரம் கொடுத்துப் பார்த்தபோது எல்டிஎல் இறங்கவில்லை, இலேசாக ஏறியிருந்தது. சிலருக்கு உடம்பில் தடிப்பும் வந்தது. அத்தையிடம் இதைச் சொன்னபோது மனம் வருந்தினார். எனக்கும் வருத்தம்தான்.

பூண்டு காப்ஸ்யூல், மஞ்சள் காப்ஸ்யூல், பட்டை காப்ஸ்யூல் பற்றி 2022இல் வந்த ஓர் ஆய்வே போதும். இந்த மூன்றோடு மீன் எண்ணெய், தாவர ஸ்டெரால், இந்தச் சிவப்புப் பூஞ்சை அரிசி என்று ஆறு வகையை ஒரு குறைந்த அளவு ஸ்டாட்டின் மாத்திரையோடு 28 நாள் ஒப்பிட்டார்கள். 5 மி.கி. ரோசுவாஸ்டாட்டின் எல்டிஎல்லை ஏறத்தாழ 38 சதவீதம் இறக்கியது. ஆறில் ஒன்றுகூட, ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிடச் சொல்லும்படி இறக்கவில்லை. ரசத்தில் தட்டிப் போடும் பூண்டை நான் நிறுத்தவில்லை. அது ரசத்துக்காக.

நெல்லிக்காயும் அப்படித்தான். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர்ச் சீமை இது. எங்கள் பக்கம் நெல்லிச்சாறு விற்கிறவர்கள் அந்தக் கதையைச் சொல்லாமல் விற்பதில்லை. நெல்லிக்காயாக வாங்கிச் சாப்பிடுகிறேன், புட்டியாக வாங்குவதில்லை.

தாவர ஸ்டெரால் கொஞ்சம் வேறு. அந்த ஆய்வில் அது தேறவில்லை என்றாலும், பல வருடமாக நடந்த மற்ற ஆய்வுகளில் நாளுக்கு 2 கிராம் எடுத்தவர்களுக்கு எல்டிஎல் 8 முதல் 10 சதவீதம் இறங்கியிருக்கிறது. குடலில் கொலஸ்ட்ரால் உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்துகொண்டு அதை உள்ளே விடாமல் செய்கிறது. கிருஷ்ணகிரியில் ஒரு மருந்துக்கடையில் கேட்டேன். கடைத்தம்பி எடுத்துக் காட்டிய மாத்திரையில் 400 மி.கி. 2 கிராம் ஆக நாளுக்கு ஐந்து போட வேண்டும். மாதக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது அதே கடையில் மலச்சிக்கலுக்கு என்று விற்கும் இசப்கோல். குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளையும் ஒரு சிறு விதையின் உமி. டாக்டரம்மாவிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன்.

இது ஏன் வேலை செய்கிறது என்பது எனக்கு உடனே பிடிபட்டது. மாங்கூழ் தண்ணீராக ஓடாமல் கெட்டியாக நிற்கப் பெக்டின் ஒரு காரணம். அது நீரில் கரையும் நார். இசப்கோலும் அந்த இனம், ஆனால் பல மடங்கு கெட்டி. ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டுக் கால் மணி நேரம் விட்டால் கிளாஸைக் கவிழ்த்தாலும் விழாது. குடலுக்குள்ளும் அப்படியே கூழாகிப் பித்தநீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. கல்லீரல் புதிதாகப் பித்தம் செய்ய வேண்டும். அதற்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். அதை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஒளிந்து வேலை செய்வது எதுவும் இதில் இல்லை. இசப்கோலிலிருந்து நாளுக்கு 7 கிராம் கரையும் நார் கிடைத்தால் இதயத்துக்கு நல்லது என்று லேபிளில் எழுத அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1998இலேயே அனுமதித்திருக்கிறது. அதற்கு ஏறத்தாழ 10 கிராம் உமி வேண்டும். எல்டிஎல் 5 முதல் 10 சதவீதம் இறங்கும். அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவு உறுதியானது.

லேப் தராசில் நிறுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பெரிய கரண்டியில் குவித்து அள்ளினால் 5 கிராம். காலையில் ஒன்று, இரவு சாப்பாட்டுக்கு முன் ஒன்று. முதல் நாளே முழு அளவுக்குப் போய்விடாதீர்கள். எனக்கு முதல் வாரம் வயிறு பானை மாதிரி உப்பியது. பாதிக் கரண்டியில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றினேன். முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும், மேலே இன்னொரு டம்ளர். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுகிற வயதானவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் அந்த மாத்திரையையும் கூழ் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வீட்டில் எண்ணெயையும் மாற்றினேன். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற பாமாயில்தான் எங்கள் வடைச்சட்டியில் வருடக்கணக்காகக் காய்ந்தது. தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் பாமாயிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிறைகொழுப்பு இருக்கிறது. கல்லீரலை எல்டிஎல் ஏற்ற வைப்பது அதுதான். கடலையெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குதான். பாமாயில் வாங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, நானும் அந்த வரிசையில் நின்றவள். இப்போது மாதம் இரண்டு லிட்டர் கடலையெண்ணெய், அதற்குள் சமையல். நிப்பட்டு, போண்டா எல்லாம் விருந்தாளி வந்தால் மட்டும். வாரம் மூன்று நாள் கொள்ளு, ராகிக் களிக்குக் கீரை. குளிர்காலம் வந்ததும் அவரைக்கொட்டை, பிதுக்கம்பருப்பு என்று அத்தையே குழம்பை மாற்றிவிட்டார். கரையும் நார் அதிலெல்லாம் இருக்கிறது. சீசன் முடிந்ததும் நடையும் சேர்ந்தது.

நவம்பர் முதல் வாரம் திரும்ப எடுத்தேன். மொத்தம் 204, எச்டிஎல் 48, டிரைகிளிசரைடு 120, எல்டிஎல் 132. 153இலிருந்து 132. இதில் இசப்கோலின் பங்கு எவ்வளவு, எண்ணெயின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி ஆபத்துக் குறைந்தவர்களுக்கும் எல்டிஎல் 100க்குக் கீழே இருக்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டு, இன்னும் ஆறு மாதம் இப்படியே போங்கள், அப்புறம் மாத்திரை தேவையா என்று உட்கார்ந்து பேசுவோம் என்றார் டாக்டரம்மா. இந்த முறை மாத்திரை என்ற சொல் எனக்குப் பயமாக இல்லை. அளவு எழுதிய பொருள் அது.

அத்தைக்குப் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதே எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை கொண்டுவரும் பெண் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொள்வாள். அதைப் பார்த்து நானும் ஒரு தாளில் வீட்டில் யார் என்ன சாப்பிடுகிறோம் என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். இசப்கோல், அத்தையின் திரிபலாப் பொடி, என் கணவர் குடிக்கும் வெந்தயத் தண்ணீர் உட்பட. எந்த டாக்டரிடம் போனாலும் அந்தத் தாளைப் படம் பிடித்துக் காட்டுகிறோம். சித்தி மகள் அந்தக் காப்ஸ்யூலை இப்போது விற்பதில்லை. என் சிபிகே ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவள் அழுததை நினைத்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அப்பா. 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு போனில் என் ரிசல்ட்டைச் சந்தோஷமாகச் சொன்னேன். "அந்த உமியைக் குடிச்சா இறங்குதாம்மா?" என்று கேட்டார். இறங்குதுப்பா என்றேன். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு, 16ஆம் தேதி, பாலக்கோட்டுக்குப் போனேன். சமையலறை அலமாரியில் புது இசப்கோல் டப்பா. எனக்குத் திக்கென்றது. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து நான்கு வருடம் ஆகிறது. இரவில் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. விடாமல் போட வேண்டும். ஒரு முறை அடைப்பு வந்த இதயத்துக்கு அந்த மாத்திரை கொலஸ்ட்ரால் எண்ணுக்காக மட்டும் இல்லை, அடுத்த அடைப்பு வராமல் இருக்க. அதன் இடத்தில் எந்த உமியையும் வைக்க முடியாது.

அட்டையை எடுத்து எண்ணினேன். 1ஆம் தேதி வாங்கிய முப்பது. 15 மிச்சம் இருக்க வேண்டும். 21 இருந்தது.

"உனக்கே இறங்கிருச்சே, எனக்கு மட்டும் இறங்காதா?" என்றார். கோபப்படவில்லை. திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, என் தொடை வலியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுடைய கணக்கு வேறப்பா, என்னுடைய கணக்கு வேறப்பா என்று இரண்டு மூன்று முறை சொல்லியிருப்பேன். கேட்டுக்கொண்டே இருந்தார். அங்கிருந்தே அவருடைய டாக்டருக்குப் போன் போட்டு, ஆறு நாள் விட்டுவிட்டார், என்ன செய்யலாம் என்று கேட்டேன். இன்றிரவே வழக்கமான அளவைத் தொடங்கச் சொல்லுங்கள், சேர்த்துப் போட வேண்டாம் என்றார்.

அன்றிரவு கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே தங்கினேன். சாப்பிட்ட பின் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, டம்ளரை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.